மைனர் எஞ்சின் புதிதாகச் செய்து பூட்டியது, பெயின்ட் மட்டும் தோல் தோலாக உரிகிறது

கல்லடி மைனர்

எல்லோருக்கும் வணக்கம். அப்பா காலத்து மொரிஸ் மைனர் ஒன்று வீட்டில் நிற்கிறது, 1098 சிசி எஞ்சின். போன மாரியில் எஞ்சினை இறக்கி, சிலிண்டர் துளையைக் கடைந்து போர் பண்ணி, கிராங் அரைத்து, வால்வ் எல்லாம் மாற்றிப் பூட்டினோம். வேலை மட்டக்களப்பிலேயே ஒரு கராஜில் நடந்தது. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. சாவி திருப்பினால் உடனே பிடிக்கிறது, புகை இல்லை, ஒயில் பிரஷர் அசையாமல் நிற்கிறது.

பிரச்சினை பெயின்ட்தான். பூட்டுவதற்கு முன் எஞ்சின் உடலான புளொக், அதன் மேலே பூட்டும் ஹெட், முன்மூடியான டைமிங் கவர் எல்லாவற்றுக்கும் வெள்ளி நிற ஸ்ப்ரே அடித்துத் தந்தார்கள். 650 பாகை சூடு தாங்கும் என்று டின்னிலேயே போட்டிருந்தது. பங்குனி பிறக்கும் முன்பே புளொக்கின் கீழ்ப்பக்கம் உரியத் தொடங்கிவிட்டது. இப்போது யாராவது பொனட்டைத் திறக்கச் சொன்னால் வெட்கமாக இருக்கிறது.

கராஜில் கேட்டால், "சூட்டுக்கு அப்படித்தான் வரும், கொண்டு வாங்க, மேலால இன்னொரு கோட் அடிச்சுத் தாறம்" என்கிறார்கள். அடிக்க விடலாமா? எஞ்சினைத் திரும்ப இறக்காமல் சரி செய்ய வழி இருக்கிறதா?

வாழைச்சேனைப் பொடியன்

அண்ணே, பிரேக் ஒயில் பட்டிருக்கும். என்னுடைய பைக் டேங்கில் ஒரு சொட்டு விழுந்தது, துடைக்கப் போனால் பெயின்டும் சேர்ந்து வந்துவிட்டது.

லேத்கடை அண்ணன்

பிரேக் ஒயில் பெயின்டைத் தின்னும், அது உண்மை. ஆனால் மைனரில் அதற்கு வழி இல்லை. பிரேக் ஒயில் நிற்கும் மாஸ்டர் சிலிண்டர் ட்ரைவரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. எஞ்சின் மேல் சொட்ட வேண்டுமென்றால் ஒயில் மேல்நோக்கிப் பாய வேண்டும்.

கல்லடித் தம்பி, மேலால் கோட் அடிக்க மட்டும் விடாதீர்கள். அடியில் இருப்பது இரும்பைப் பிடிக்காதபோது மேலே எத்தனை கோட் போட்டாலும் எல்லாம் ஒன்றாகத்தான் கழரும். புதுப் பெயின்டில் இருக்கும் தின்னர் பழையதை ஊறவைத்துச் சுருக்கிவிடவும் கூடும்.

உரிந்த பொருக்கு ஏதாவது கையில் இருந்தால் எறியாமல் திருப்பிப் பாருங்கள். நோய் எங்கே என்று அதன் முதுகுதான் சொல்லும். முதுகு வழுவழுப்பாக, சுத்தமாக இருந்து, இரும்பும் சுத்தமாக இருந்தால் பெயின்ட் இரும்பை ஒருநாளும் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எண்ணெய்ப் பசைக்கு மேல் அடித்திருக்கிறார்கள். முதுகில் செம்மண் நிறத் தூள் ஒட்டியிருந்தால் அடியில் துரு. வேறு நிறம் ஒட்டியிருந்தால் பழைய பெயின்டை உரசாமல் மேலே அடித்தது. பொருக்கு குறுக்காகப் பிளந்து, பாதி இரும்பிலும் பாதி கையிலும் நிற்கிறது என்றால் கோட்டுக்குக் கோட் காய விடாமல் தடிப்பாக ஏற்றியது.

மறுகா இன்னொன்று. உரியாத இடத்தில் பெற்றோல் நனைத்த சீலைத்துண்டால் பத்துத் தரம் தேய்த்து, நிறம் இறங்குகிறதா என்று பாருங்கள், எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது, பற்றரி வயரைக் கழற்றிவிட்டு. உரிந்த இடத்து வெற்று இரும்பில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் படலமாகப் பரவி நின்றால் இரும்பு சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது. இதற்கு ஒரு சாமானும் வாங்கத் தேவையில்லை.

பார்த்துவிட்டு ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். "எஞ்சின் உரிகிறது" என்று மொத்தமாகச் சொன்னால் எங்களுக்கு ஒன்றும் பிடிபடாது.

ஏறாவூர் ஸ்ப்ரே

பார்க்காமலே சொல்கிறேன், மண்ணெண்ணெயில் கழுவியிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் பாதிக் கராஜில் அதுதான் வழக்கம். மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, கொம்ப்ரசரால் ஊதி, கையால் தொட்டுப் பார்த்து "காய்ஞ்சிட்டுது" என்று ஸ்ப்ரே எடுப்பார்கள். கண்ணுக்குக் காய்ந்ததுதான். மண்ணெண்ணெய் போன பிறகும் மெல்லிய பசை ஒன்று நிற்கும், டீசல் என்றால் இன்னும் மோசம். அதன் மேல் அடித்தால் எண்ணெய் நெற்றியில் ஒட்டுப்பொட்டு வைத்த கதைதான்.

அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்தார்களா என்றும் கேளுங்கள்.

கல்லடி மைனர்

அண்ணன் சொன்னபடி டோர்ச் பிடித்து எல்லாம் பார்த்தேன். மூன்று இடத்தில் மூன்று மாதிரி இருக்கிறது, அதனால்தான் முதலில் எனக்கே குழப்பமாக இருந்தது.

புளொக்கில் காபரேட்டர் இருக்கும் பக்கம், மெனிபோல்டுக்கு (ஹெட்டில் பூட்டும் காற்று, புகைக் குழாய்த் தொகுதி) கீழே: உள்ளங்கை அளவுக்குத் தோலாக வருகிறது. முதுகு வழுவழுப்பு, இரும்பு சாம்பல் நிறம், துரு இல்லை. தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக ஓடுகிறது. அதே புளொக்கின் மறுபக்கம், டைனமோ இருக்கும் பக்கம், பரவாயில்லை. மாஸ்கிங் டேப் ஒட்டி இழுத்தால் கொஞ்சம் வருகிறது, தானாக உரியவில்லை.

டைமிங் கவர்: சின்னச் சின்னப் பொருக்கு. முதுகில் பச்சை.

ஹெட்: உரியவே இல்லை. ஆனால் நகத்தால் கீறினால் கோடு விழுகிறது. பெற்றோல் சீலைக்கு வெள்ளி நிறம் அப்படியே இறங்கிவிட்டது, இரண்டாம் தேய்ப்பிலேயே இரும்பு தெரிந்தது.

வால்வ் கவர் மட்டும் கல் மாதிரி. அதற்குக் கராஜில் கை வைக்கவில்லை. அப்பா எப்போதோ பச்சை எனாமல் வாங்கிப் பிரஷ்ஷால் அடித்தது.

கழுவியது மண்ணெண்ணெயில்தான், ஏறாவூர்க் காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணன்). பிரைமர் அடிக்கவில்லை என்று அவர்களே சொன்னார்கள்.

லேத்கடை அண்ணன்

நல்லது, இப்போது பேசலாம். ஒரு எஞ்சினுக்கு மூன்று நோய்.

டைமிங் கவர் சின்ன விஷயம். பழைய பச்சையை உரசாமல் மேலே அடித்திருக்கிறார்கள். வழுக்கும் எனாமல் மேல் எதுவும் பிடிக்காது. கவரை முழுதாக உரித்து அடித்தால் முடிந்தது.

காபரேட்டர் பக்கம் எண்ணெய்தான், ஆனால் மண்ணெண்ணெய்க் கழுவல் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அப்படியென்றால் டைனமோ பக்கமும் அதே மாதிரி உரிந்திருக்க வேண்டும். இந்த எஞ்சினில் மெனிபோல்டுக்குப் பின்னால், புளொக்கின் விலாவில், டப்பட் கவர் இரண்டு இருக்கிறது, தகட்டு மூடி. ஒவ்வொன்றையும் நடுவில் ஒரு போல்ட் பிடிக்கும், உள்ளே கசிவை அடைக்கும் கோர்க் கஸ்கட். அந்தப் போல்டை ஆட்கள் இறுக்கோ இறுக்கென்று இறுக்கித் தகட்டை வளைத்துவிடுவார்கள். பிறகு ஒயில் கசியும். அதற்கு மேலே எஸ்யு என்ற வகைக் காபரேட்டர். மிதவை ஊசி சரியாக அடைக்காவிட்டால் அங்கிருந்து பெற்றோல் சொட்டும். ஒயிலும் பெற்றோலும் விழும் இடத்துக்கு நேர்கீழேதான் உங்களுக்குத் தோல் உரிகிறது. முதலில் அந்தக் கசிவைப் பாருங்கள். அது நிற்காவிட்டால் எந்தப் பெயின்ட் அடித்தாலும் அடுத்த மாரிக்குள் நீங்கள் இதே கேள்வியோடு வருவீர்கள்.

ஹெட் விஷயம் எனக்குப் புதிர். அடித்து இத்தனை மாதம் ஆகி, சூடும் பட்டு, இன்னும் நகம் இறங்குகிறதென்றால்? வாத்தியார் இருந்தால் சொல்லட்டும்.

அக்கரைப்பற்று வாத்தியார்

இருக்கிறேன். புதிருக்கு விடை அந்த 650 என்ற இலக்கத்திலேயே இருக்கிறது.

அவ்வளவு சூடு தாங்கும் பெயின்ட் என்றால் பெரும்பாலும் சிலிக்கோன் பிசினில் அலுமினியத் தூள் கலந்தது. தின்னர் ஆவியாகிப் போனவுடன் கைக்கு ஒட்டாமல் இருக்கும், காய்ந்துவிட்டது என்று நினைப்போம். ஆனால் பிசினின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுவதற்கு ஏறத்தாழ 200 பாகை சூடு வேண்டும், அதுவும் ஒரு மணித்தியாலம் அளவில். அந்தச் சூட்டைக் காணும்வரை அது மென்மையாகத்தான் இருக்கும். பெற்றோலில் கரையும், ஒயிலில் ஊறும்.

உங்கள் எஞ்சின் எவ்வளவு சூடாகிறது? தண்ணீர் சுற்றும் புளொக் 80, 90 பாகை. ஹெட்டும் தண்ணீர் சுற்றும் பகுதிதான், வெளிப்புறத்தில் பெரும்பாகம் அதற்குச் சற்று மேலே போகும், அவ்வளவுதான். 200 பாகையை ஒருநாளும் தொடாது. தொட்டால் உங்களுக்குப் பெயின்டைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது. ஆகவே அந்தப் பெயின்ட் இன்னும் இறுகாமலே இருக்கிறது. கராஜில் சூட்டால் உரிகிறது என்றார்கள். ஹெட்டைப் பொறுத்தவரை சூடு போதாததுதான் காரணம்.

அந்த டின் சைலன்சருக்கும் மெனிபோல்டுக்கும் பொருத்தமானது. புளொக்குக்கு எடுத்தது பிழையான தெரிவு. இலக்கம் கூடினால் நல்ல பெயின்ட் என்று நம்பி வாங்குகிறவர்கள் நிறையப் பேர், கடைக்காரரும் திருத்திச் சொல்வதில்லை.

வாழைச்சேனைப் பொடியன்

அப்ப சேர், ஹெட்டைக் கழற்றி பேக்கரிப் போறணையில் ஒரு மணித்தியாலம் வைத்து எடுத்தால்?

அக்கரைப்பற்று வாத்தியார்

பாண் போறணை 200 பாகைக்கு மேல் போகும், கணக்குச் சரிதான். ஆனால் அடுத்த நாள் பாணில் தின்னர் வாசம் வரும். சாப்பாடு வேகும் எந்த அடுப்பிலும் பெயின்ட் அடித்த சாமானை வைக்கக் கூடாது. அதைவிட, இப்போதுதான் பூட்டி ஹெட் நட்டெல்லாம் இறுக்கி ஓடவிட்ட எஞ்சின். பெயின்டுக்காக ஹெட்டைக் கழற்றுவது அநியாயம்.

ஏறாவூர் ஸ்ப்ரே

வாத்தியார் சொன்னது சரி. அந்த வெள்ளியை முழுதாக உரித்துவிட்டு, சாதாரண எஞ்சின் எனாமலோ நல்ல சிந்தெடிக் எனாமலோ அடியுங்கள். வால்வ் கவர் இத்தனை வருடம் நிற்கிறதே, அது என்ன பெயின்ட்? கேட்டுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கிற எனாமல்தான். 90 பாகைக்கு அது தாராளம். கொஞ்சம் மங்கும், உரியாது.

எஞ்சினை இறக்கத் தேவையில்லை. ரெடியேட்டரைக் கழற்றினால் முன்பக்கம் டைமிங் கவருக்குக் கை போகும். காபரேட்டரும் மெனிபோல்டும் கழற்றினால் அந்தப் பக்கம் முழுக்கத் திறந்துவிடும். டப்பட் கவருக்கு எப்படியும் அதைக் கழற்றத்தான் வேண்டும். காபரேட்டர் இல்லாத நேரம் ஹெட்டின் துளைகளை நன்றாக அடைத்துவிடுங்கள். ஒரு துரும்பு உள்ளே போனால் போர் பண்ணிய காசு போச்சு. அதே காரணத்துக்காக மணல் ஊதவும் கூடாது. பூட்டிய எஞ்சினில் மணல் அடிப்பதென்பது பேரிங்குக்கு நாமே குழி வெட்டுவது.

வயர் பிரஷ், ஸ்க்ரேப்பர், மூலைக்குப் பழைய பல் பிரஷ். வெள்ளி பெற்றோலுக்கே இறங்குகிறதென்றால் தின்னரில் இன்னும் சுலபமாகப் போகும், தீப்பெட்டியை மட்டும் தூர வையுங்கள். உரித்த பிறகு சவர்க்காரத் தூளைச் சுடுதண்ணீரில் கரைத்துத் தேய்த்துக் கழுவுங்கள், ஒரு தரத்தோடு விடாதீர்கள். எண்ணெயை எடுப்பது தண்ணீரும் சவர்க்காரமும்தான், மண்ணெண்ணெய் முதல் அழுக்கைத் தளர்த்துவதோடு சரி.

நீங்கள் கல்லடி என்றபடியால் ஒன்று சொல்ல வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள நிலம், பல வளவில் கிணற்றுத் தண்ணீர் சவர். சவர்த் தண்ணீரில் கடைசி அலசு அலசினால் உப்பு இரும்பில் தங்கிவிடும். மேலே பெயின்ட் அடித்த பிறகு அந்த உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்புளம் போடும், அடியில் துரு ஏறும். குழாய்த் தண்ணீர் இருந்தால் அது, இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் பிடித்து அதில் கடைசியாக அலசுங்கள். உடனே ஊதி, வெயிலில் காயவிடுங்கள். வார்ப்பிரும்பு ஈரத்தோடு நின்றால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செந்நிறம் பிடிக்கும்.

காய்ந்த பிறகு சுத்தமான வெள்ளைச் சீலையில் தின்னர் தொட்டு ஒரே திசையில் துடைத்து, சீலையை மாற்றி மாற்றித் துடையுங்கள். ஒரே சீலையைத் திரும்பத் திரும்பப் போட்டால் எடுத்த எண்ணெயைத் திரும்பப் பூசுகிறீர்கள். சீலை அழுக்காகாமல் வரும்வரை விட வேண்டாம். அண்ணன் சொன்ன தண்ணீர்ச் சோதனையை அப்போது திரும்பச் செய்து பாருங்கள்.

லேத்கடை அண்ணன்

காக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வார்ப்பிரும்பின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளை இருக்கிறது, அரை நூற்றாண்டு ஒயில் குடித்த இரும்பு அது. மேலே துடைத்துச் சுத்தமாக்கி, எஞ்சினை ஓடவிட்டால் சூட்டுக்கு உள்ளிருந்து ஒயில் வியர்த்து வெளியே வரும். ஆகவே முதல் கழுவலுக்குப் பிறகு எல்லாம் திரும்பப் பூட்டி வழக்கம்போல் ஓட்டி, நன்றாகச் சூடாக்கி, ஆறவிட்டு, திரும்பக் கழற்றிக் கழுவுங்கள். இரட்டை வேலைதான். டப்பட் கவர் இன்னும் கசிகிறதா இல்லையா என்றும் அந்த ஓட்டத்திலேயே தெரிந்துவிடும். நெருப்பு டோர்ச் பிடித்துச் சூடாக்குகிறேன் என்று யாராவது வந்தால் பெற்றோல் குழாய் இருக்கும் வண்டியில் அனுமதிக்க வேண்டாம். வார்ப்பிரும்பு ஒரே இடத்தில் சூடேறினால் வெடிக்கவும் கூடும்.

பிரைமர் பற்றி எனக்கும் காக்காவுக்கும் ஒத்துவராது என்று நினைக்கிறேன். சுத்தமான வார்ப்பிரும்பு சொரசொரப்பானது, எனாமல் நேராகவே பிடிக்கும். மைனரின் பழைய புளொக் எத்தனையோ உரித்திருக்கிறேன். அடியில் வேறு பூச்சு இருந்ததாக ஞாபகம் இல்லை.

ஏறாவூர் ஸ்ப்ரே

அண்ணன், உங்கள் புளொக்குகள் கடல்காற்றில் நின்றவை இல்லை. இங்கே பிரைமர் இல்லாமல் ஒரு கீறல் விழுந்தால் துரு பக்கவாட்டில் ஓடிப் பெயின்டைக் கிளப்பும். எபொக்சி பிரைமர் மெல்லிசாக ஒரு கோட் போடுங்கள், புளொக் சூட்டுக்கு அது நிற்கும். டின்கரிங்கில் வண்டிப் பொடிக்கு (வெளித்தகட்டுக்கு) அடிக்கிற தடித்த ஃபில்லர் பிரைமர் கூடவே கூடாது, பட்டி வைத்துச் சமப்படுத்துவதும் வேண்டாம். சூடேறி ஆறும்போது இரும்பு விரிந்து சுருங்கும், பட்டி அதோடு போகாமல் வெடித்துவிடும்.

லேத்கடை அண்ணன்

எபொக்சி என்றால் நான் வழக்குப் பேச மாட்டேன். பட்டி வைத்த எஞ்சினும் நான் கண்டிருக்கிறேன், அந்தக் கதையை விடுவோம்.

அக்கரைப்பற்று வாத்தியார்

ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இரண்டு டின் பொலியூரித்தேன் யாராவது பரிந்துரைப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், இன்னும் யாரும் சொல்லவில்லை. நல்ல பெயின்ட்தான், பெற்றோலுக்கும் அசையாது. ஆனால் அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரேயாக மூச்சில் போனால் ஆஸ்துமா வரும், ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் வாழ்நாள் முழுக்க நிற்கும். முகத்தில் துவாய் கட்டிக்கொண்டு அடிப்பது பாதுகாப்பே இல்லை, வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும். வீட்டு முற்றத்தில் வேண்டாம். பிரஷ்ஷால் எனாமல் அடியுங்கள்.

அடுத்தது நேரம். மாரியில் அடித்தது என்று எழுதியிருந்தீர்கள். வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும் காலத்தில் காற்றின் ஈரப்பதன் 85 வீதத்துக்கு மேல் சாதாரணமாக நிற்கும். விடியற்காலையில் கனமான இரும்பு காற்றைவிடக் குளிராக இருக்கும், அதன்மேல் பனி மாதிரி ஈரம் படியும், கைக்குத் தெரியாது. பெயின்ட் அடிக்கும்போது இரும்பின் சூடு பனிபடு நிலையைவிட 3 பாகையாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. உங்களுக்குக் கணக்கு வேண்டாம். வெயில் ஏறி, இரும்பைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும் நேரம், காலை ஒன்பது பத்து மணிக்குத் தொடங்குங்கள்.

சம்மாந்துறை லேண்ட்மாஸ்டர்

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். என்னுடையது லேண்ட்மாஸ்டர், இரண்டு சக்கர உழவு மெஷின், ஒற்றைச் சிலிண்டர் டீசல். சூடடிப்பு முடிந்து எஞ்சின் செய்தேன். இரும்புப் பகுதியில் பெயின்ட் நிற்கிறது, அலுமினிய மூடிகளில் மட்டும் விரலால் தள்ளினாலே போகிறது. எண்ணெய் ஒன்றும் இல்லை, வடிவாகக் கழுவினேன். கோஸ்டிக் சோடாவில் போட்டு எடுக்கச் சொல்கிறார்கள். போடலாமா?

ஏறாவூர் ஸ்ப்ரே

ஐயோ தம்பி, போடாதீர்கள். கோஸ்டிக் அலுமினியத்தைத் தின்றுவிடும், பொங்கிப் பொங்கிக் காஸ் வரும், மூடி கறுத்துக் குழி விழும். வார்ப்பிரும்புக்கு மட்டும்தான் அது, அதுவும் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு.

அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன்மேல் ஒரு மெல்லிய ஒக்சைட் தோலைப் போட்டுக்கொள்ளும், வழவழப்பாகவும் இருக்கும். சாதாரண எனாமல் நேராக அதில் பிடிக்காது. நடுத்தர சான்ட்பேப்பரால் மங்கலாகும்வரை உரசி, தின்னரால் துடைத்து, அன்றைக்கே எட்ச் பிரைமர் மெல்லிசாக அடியுங்கள். அது அமிலம் கலந்தது, அலுமினியத்தைக் கடித்துப் பிடிக்கும். அதற்கு மேல் உங்கள் எனாமல். எட்ச் பிரைமருக்கு மேல் எபொக்சி மட்டும் போட வேண்டாம், பெரும்பாலும் ஒத்துப்போகாது.

சம்மாந்துறை லேண்ட்மாஸ்டர்

நல்லது காக்கா. நல்லவேளை கேட்டேன், கோஸ்டிக் வாங்கி வைத்திருந்தேன்.

கல்லடி மைனர்

தொடங்கிவிட்டேன். மெனிபோல்டைக் கழற்றியவுடனே லேத்கடை அண்ணன் சொன்னது கண்ணுக்கு முன்னால். பின்பக்க டப்பட் கவர் நடுவில் உள்வாங்கி வளைந்திருக்கிறது, கீழ் விளிம்பு முழுக்க ஈரம். முன்னது பரவாயில்லை. காபரேட்டர் மிதவைச் சட்டியிலிருந்து சொட்டிய அடையாளமும் ஒரு கோடாகப் புளொக்கில் இருக்கிறது.

வளைந்த தகட்டைத் தட்டி எடுக்கலாமா, வேறு தேட வேண்டுமா? கஸ்கட்டுக்கு சிலிக்கோன் பூசலாமா?

லேத்கடை அண்ணன்

சமமான இரும்பில் வைத்து மரச் சுத்தியலால் தட்டுங்கள், வரும். விளிம்பு கண்ணாடித் தட்டில் ஆடாமல் உட்கார்ந்தால் போதும். புதுக் கோர்க் கஸ்கட் போட்டு, போல்டின் கீழே உள்ள வொஷரையும் மாற்றுங்கள், அந்தத் துளை வழியாகவும் கசியும். இறுக்கும்போது கோர்க் கொஞ்சம் நசுங்கினால் நிறுத்துங்கள். அந்தப் போல்டில் பலம் காட்டித்தான் இந்த நிலை வந்தது.

சிலிக்கோனை இப்போது திறக்கவே திறக்காதீர்கள். பெயின்ட் அடித்து முடியும்வரை அந்தக் குழாய் வீட்டுக்குள் இருக்கட்டும். கையில் பட்டதை இரும்பில் தடவிவிட்டால் அங்கே பெயின்ட் விலகி வட்ட வட்டமாகக் குழி விழும், தின்னருக்கும் இலேசில் போகாது.

காபரேட்டருக்கு ஊசியும் சீட்டும் மாற்றுங்கள், மிதவைக்குள் பெற்றோல் புகுந்திருக்கிறதா என்று குலுக்கிப் பாருங்கள்.

அடிக்கும்போது எங்கே அடிக்கக் கூடாது என்பதும் முக்கியம். கஸ்கட் உட்காரும் முகம், ஹெட் நட்டும் வொஷரும் உட்காரும் இடம் வெற்று இரும்பாகவே இருக்க வேண்டும். நட்டுக்கு அடியில் பெயின்ட் இருந்தால் சூட்டில் அது நசுங்கி இறுக்கம் குறையும். எஞ்சினிலிருந்து வண்டிப் பொடிக்குப் போகும் எர்த் வயர் பிடிக்கும் இடத்தையும் மறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றும், நீங்கள் பற்றரியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். புளொக்கில் ஆணியடித்த எஞ்சின் இலக்கத் தகட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வண்டி பெயர் மாற்றும்போது அந்த இலக்கத்தைப் பார்ப்பார்கள், பெயின்டைச் சுரண்டி இலக்கம் தேடினால் தேவையில்லாத சந்தேகம் வரும்.

வாழைச்சேனைப் பொடியன்

கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது அண்ணே, இப்ப அடித்தால் நன்றாகக் காயும்தானே?

ஏறாவூர் ஸ்ப்ரே

காயும், சில நேரம் தேவைக்கு மேல் காயும். கச்சான் சூடாகவும் வறட்சியாகவும் அடிக்கும்போது ஸ்ப்ரே துளி இரும்பில் படும் முன்பே காற்றில் காய்ந்து, மாவு தூவிய மாதிரி சொரசொரப்பாக விழும். அடியில் பிடிப்பும் இருக்காது. மணலும் சேர்ந்து ஒட்டும். பிரஷ் என்றால் அவ்வளவு பிரச்சினை இல்லை. மத்தியானக் காற்று எழும்பும் முன் முடித்துவிடுங்கள், காற்று வரும் பக்கம் ஒரு தறப்பாள் கட்டுங்கள்.

மெல்லிசாக இரண்டு கோட். நடுவில் எவ்வளவு நேரம் என்று டின்னில் இருப்பதைக் கேளுங்கள். எனாமலுக்கு இதில் ஒரு வில்லங்கம் உண்டு: ஒன்றில் சீக்கிரம் அடிக்க வேண்டும், அல்லது முழுதாகக் காயும்வரை பொறுக்க வேண்டும். அரைகுறையாகத் தோல் பிடித்த நேரத்தில் இரண்டாம் கோட் போட்டால் முதலாவது சுருக்கம் சுருக்கமாகக் கிளம்பிவிடும். அடித்து முடித்தவுடன் ஓட ஆசைப்படவும் வேண்டாம். எனாமல் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துத்தான் இறுகும், அதற்குக் கிழமைக் கணக்கு ஆகும். முதலில் கொஞ்ச நேரம் ஐட்லில் விட்டு ஆறவிடுங்கள், பிறகு கொஞ்சம் கூட.

கல்லடி மைனர்

வேலை முடிந்தது. கழுவி, ஓட்டி, திரும்பக் கழுவியபோது இரண்டாம் தரமும் சீலையில் கறுப்பு வந்தது, அண்ணன் சொன்ன வியர்வை. கடைசி அலசு குழாய்த் தண்ணீரில். தண்ணீர்ச் சோதனையில் இப்போது படலமாக நிற்கிறது. எபொக்சி ஒரு கோட், அதற்கு மேல் பச்சை எனாமல், வால்வ் கவரோடு ஒத்துப்போகிறது. கோயிலுக்கும் கல்முனைக்கும் ஓடியாயிற்று. டேப் ஒட்டி இழுத்தேன், ஒன்றும் வரவில்லை. பெற்றோல் சீலைக்கும் நிறம் இறங்கவில்லை. டப்பட் கவர் காய்ந்து கிடக்கிறது.

ஒரே ஒரு இடம். ஹெட்டில் நடு எக்சோஸ்ட் துளைக்குப் பக்கத்தில் பச்சை பழுப்பாக மாறுகிறது. உரியவில்லை.

லேத்கடை அண்ணன்

அது அந்த ஹெட்டின் குணம். இரண்டாம் மூன்றாம் சிலிண்டருக்கு எக்சோஸ்ட் ஒரே துளையால்தான் போகிறது, அந்த இடம் எப்போதும் கூடச் சூடு. பழுப்பானால் ஆகட்டும், மெனிபோல்ட் மறைத்துவிடும். மெனிபோல்டுக்கு என்ன அடித்தீர்கள்?

கல்லடி மைனர்

ஒன்றும் அடிக்கவில்லை, வெற்று இரும்பாக விட்டிருக்கிறேன். துரு பிடிக்கிறது. கராஜில் தந்த வெள்ளி ஸ்ப்ரே டின் பாதி மிச்சம் இருக்கிறது.

அக்கரைப்பற்று வாத்தியார்

அதுதான் அந்த டின்னின் சரியான இடம். வார்ப்பிரும்பு எக்சோஸ்ட் பகுதிக்கு மட்டும் அடியுங்கள். துருவை வயர் பிரஷ்ஷால் எடுத்து, தின்னரால் துடைத்து, பிரைமர் இல்லாமல் மெல்லிசாக. அதற்கு அடியில் எபொக்சி போட்டால் கருகிப் பெயின்டையும் கூட்டிக்கொண்டு விழும். ஒருநாள் காயவிட்டு, எஞ்சினைப் பத்து நிமிடம் ஐட்லில் விட்டு ஆறவிடுங்கள், அடுத்த தரம் கொஞ்சம் கூட நேரம், பிறகு ஒரு நீண்ட ஓட்டம். புகையும் வாசமும் வரும், பயப்பட வேண்டாம், வெளியில் நிறுத்தி வையுங்கள்.

ஏறாவூர் ஸ்ப்ரே

அடிக்கும் முன் அந்தப் புதுப் பச்சையை நன்றாக மூடுங்கள். வெள்ளித் தூள் எனாமலில் விழுந்தால் துடைக்க வராது.